பாடத்தை வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிட்டால் பிள்ளைகள் படிப்பார்களா?

கேள்வி:
மலேசியாவில் தெலுக் இந்தானில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். பாதி வகுப்பு நேரில், பாதி இயங்கலையில். கல்லூரியின் கற்றல் தளத்தில் எல்லாக் குறிப்பையும் ஏற்றிவிட்டேன். திறந்து பார்ப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே பிள்ளைகள் நாள் முழுக்க வாட்ஸ்அப்பிலும் டிக்டாக்கிலும் கிடக்கிறார்கள். பேசாமல் எல்லாவற்றையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாம் போவதுதானே முறை? செய்து பார்த்த அக்கா, அண்ணன் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி 2025, இரவு 10.20

பதில்:
மாற்றாதீர்கள்.

கற்றல் தளத்தில் திறக்காத குறிப்பை வாட்ஸ்அப்பில் போட்டாலும் திறக்க மாட்டார்கள். காலையில் நீங்கள் அனுப்பிய கோப்பு மாலைக்குள் பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஸ்டிக்கருக்கும் அடியில் போய்விடும். அப்புறம் "மிஸ், அந்த நோட்ஸை இன்னொரு தடவை போடுங்க" என்று ஒருவர், அவர் பின்னாலேயே இன்னொருவர். குறிப்பு, அட்டவணை, மதிப்பெண் எல்லாம் கற்றல் தளத்திலேயே இருக்கட்டும். தேடினால் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டியவை அவை.

நான் சுங்கை சிப்புட்டில் டிப்ளோமா முதலாண்டுக்குக் கணக்கியல் நடத்துகிறேன். பிள்ளைகளில் பலர் எல்பில், டோவன்பி, ஹீவூட் தோட்டத்துப் பக்கம். கம்போங் என்கிற மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளும் பட்டணத்துச் சீனப் பிள்ளைகளும் உண்டு. வகுப்புக்கு ஒரு டெலிகிராம் குழு வைத்திருக்கிறேன். அந்தக் குழுவில் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். வகுப்புக்கு முந்தின மாலை ஒரு கேள்வி போடுவேன். அதை அங்கேயே முடிக்க விடமாட்டேன். மறுநாள் வகுப்பு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும். குழுவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று பலகையில் எழுதிய பிறகுதான் புத்தகம்.

குழுவில் பேசியதை வகுப்பு கண்டுகொள்ளவில்லை என்றால் பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். "எழுதினாலும் மிஸ் பார்க்கப்போவதில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்புறம் எந்தச் செயலியைக் கொண்டுவந்தாலும் பேச்சு வராது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் தெரியாதவர் நம் ஊர்களில் இருக்க முடியாது. மாலையில் மளிகைக் கடையில் வேலை செய்கிற மாணவி ஒருத்தி, முதலாளியைக் கேட்டுக்கொண்டு, பெயரை விரலால் மறைத்து ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். அரிசி 10 கிலோ. மைலோ. முட்டை ஒரு தட்டு. பால்மாவு. கீழே சிவப்பு மையில் "50 கொடுத்தது". அடியில் கோடு. நான் கேட்டது: "இந்தப் பக்கம் சொத்தா, பொறுப்பா?" அவ்வளவுதான்.

வாக்கெடுப்பில் குழு கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்தது. "கடன்" என்று பார்த்தாலே பொறுப்பு என்று எழுதும் பழக்கம் பள்ளியிலிருந்தே வருகிறது. யாருடைய கணக்கு என்று கேட்டுக்கொள்வதில்லை. மறுநாள் வகுப்பைக் கடைக்காரர் வரிசை, வீட்டுக்காரர் வரிசை என்று இரண்டாகப் பிரித்தேன். அதே 50 வெள்ளியை (ரிங்கிட்) இரண்டு வரிசையும் தத்தம் கணக்கில் எழுத வேண்டும். கடைக்குக் கையிருப்பு கூடும், வரவேண்டியது குறையும். வீட்டுக்குக் கையிருப்பு குறையும், கொடுக்கவேண்டியதும் குறையும். வழக்கமாக இதைப் புரியவைக்க ஒரு பாடவேளை முழுசாகப் போகும். அன்று பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும்போதே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

12 பிப்ரவரி 2025

ஏன் டெலிகிராம், வாட்ஸ்அப் போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு முன்பின் தெரியாத அழைப்பு வந்தால் அது குழுவிலிருந்து போன எண்ணாக இருக்கலாம். டெலிகிராமில் எண்ணை மறைத்துப் பயனர் பெயரோடு இருக்கலாம். தாமதமாகச் சேர்ந்த மாணவர் பழைய பேச்சை முதலிலிருந்து படிக்கும்படி வைக்கலாம். வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று வாட்ஸ்அப் காட்டிவிடும். டெலிகிராமில் பெயர் தெரியாமலே வாக்களிக்கலாம். 555 கேள்விக்குப் பாதிப் பேர் தைரியமாகத் தப்பான பக்கம் நின்றது அதனால்தான். பெயர் தெரிந்திருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை எதை அழுத்துகிறாள் என்று பார்த்துவிட்டு எல்லாரும் அதையே அழுத்தியிருப்பார்கள். தப்பு வெளியே வராது. வெளியே வராத தப்பை வைத்துக்கொண்டு மறுநாள் நான் என்ன நடத்துவது?

அம்மா கைப்பேசியில் வாட்ஸ்அப் மட்டும்தான் இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் வாட்ஸ்அப்பிலேயே செய்யுங்கள். செயலிக்காகப் பிள்ளையை விட்டுவிடக்கூடாது. வாக்கை மட்டும் உங்கள் தனி எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

15 பிப்ரவரி 2025

"பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நாம் போவதுதானே முறை" என்ற வரி இரண்டு மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊர்க்காரராச்சே, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். 1919இல் இங்கே பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குத் தோட்டம் தோட்டமாகப் போனார். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று பேசினார். சரி, போனார். ஆனால் வாசலில் பேசியதோடு விட்டுவிடவில்லை. அங்கே பேசிய ஆட்களைச் சங்கத்துக்குள் கொண்டுவந்தார், பங்குதாரர் ஆக்கினார். வாசலோடு நின்றிருந்தால் ஒரு தோட்டமும் வாங்கியிருக்க முடியாது.

குழுவும் வாசல்தான். வகுப்புதான் சங்கம். தெலுக் இந்தான் தம்பி, நீங்கள் வாசலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை. சங்கத்தையே தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைக்காதீர்கள் என்கிறேன்.

19 பிப்ரவரி 2025, மதியம்

"இதெல்லாம் உங்கள் அனுபவம். ஆதாரம் உண்டா?" நியாயமான கேள்வி. நம்மைக் கேட்காமலேயே, பாதி நேரில் பாதி இயங்கலையில் என்கிற இந்தக் கலப்புக் கற்றல் நம் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறதே. 2015இல் வந்த மலேசிய உயர்கல்விப் பெருந்திட்டம், 2025க்குள் 70 விழுக்காட்டுப் பாடத்திட்டங்கள் கலப்பு முறையில் நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த 2025 இந்த ஆண்டுதான். அதனால் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது அமெரிக்காவில் ரே ஜன்கோவும் கூட்டாளிகளும் செய்த இரண்டு ஆய்வுகளை. முதலாவது 2011இல் வெளியானது. முதலாண்டு மாணவர்கள் 125 பேர். 70 பேருடைய வகுப்புகளில் டுவிட்டரைப் பாடத்தோடு சேர்த்தார்கள். 55 பேருக்கு டுவிட்டர் இல்லை. 14 வாரம். டுவிட்டர் பிள்ளைகளின் ஈடுபாடும் கூடியது, மதிப்பெண் சராசரியும் கூடியது. இதை மட்டும் படித்துவிட்டு "பார்த்தீர்களா, சமூக ஊடகம் வேலை செய்கிறது" என்று சொல்பவர்கள் நிறைய.

2013இல் வந்த அடுத்த கட்டுரையையும் படிக்க வேண்டும். அதில் இன்னொரு வகுப்பைப் பார்த்தார்கள். அங்கே டுவிட்டர் இருந்தது, ஆனால் விருப்பம் இருந்தால் பயன்படுத்து என்று விட்டுவிட்டார்கள். ஆசிரியர்களும் அதில் கலந்துகொள்ளவில்லை. முதல் வகுப்பில் கண்ட பலன் அங்கே இல்லை. செயலி அதேதான். ஆசிரியர் உள்ளே இருந்தாரா, பாடத்தோடு கட்டியிருந்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

19 பிப்ரவரி 2025, இரவு

மதியம் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். இல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்துக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும்.

அமெரிக்கக் கல்வித் துறை 2009இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டு, 2010இல் அதைத் திருத்தியது. நேர்வகுப்பு மட்டும் என்பதைவிட, நேரும் இயங்கலையும் கலந்தது நல்ல பலன் தந்தது என்று சொல்லும் ஆய்வு அது. எல்லாக் கல்லூரி அறிக்கையிலும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதை எழுதியவர்களே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள்: கலப்பு வகுப்புகளில் பிள்ளைகள் கூடுதல் நேரம் படித்தார்கள், கூடுதல் பாடப்பொருள் கிடைத்தது, பலன் அதிலிருந்து வந்திருக்கலாம், ஊடகத்தால் என்று சொல்லிவிட முடியாது.

யோசித்துப் பார்த்தால் என் 555 கேள்வியிலும் அதுதான் நடந்தது. முந்தின இரவே பிள்ளைகள் ஒரு மணி நேரம் அதைப் பற்றி மோதிக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் வேலை செய்தது என்றால் எனக்குச் சம்மதமே. வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தால் அந்த நேரம் கிடைத்திருக்காது.

23 பிப்ரவரி 2025

வாக்கெடுப்பை எப்படி வகுப்போடு இணைப்பது என்று கேட்டவருக்கு. நான் செய்வது ஹார்வர்ட் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவந்த முறை. முதலில் கேள்வி, தனித்தனியாக வாக்கு. விடையைச் சொல்லக்கூடாது. பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட வேண்டும், முக்கியமாக வேறு விடை சொன்னவரோடு. அப்புறம் மறுபடி வாக்கு. நான் முதல் வாக்கை முந்தின இரவு குழுவில் எடுத்துவிடுகிறேன். பேச்சும் இரண்டாம் வாக்கும் வகுப்பில். முதல் வாக்கில் எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி பேசத் தேவையில்லாத கேள்வி, விட்டுவிடுவேன். எல்லாரும் தப்பென்றால் பேச்சால் சரியாகாது, நான்தான் நடத்த வேண்டும். நடுவில் நிற்கிற கேள்விதான் பேசவிட ஏற்றது.

டெலிகிராமில் சரியான விடையை முன்கூட்டியே குறித்துவைக்கும் வினாடி வினா வகை ஒன்று உண்டு. அழுத்தியவுடன் சரியா தப்பா என்று காட்டிவிடும். முந்தின இரவுக்கு அது வேண்டாம். விடை தெரிந்துவிட்டால் மறுநாள் பேச ஒன்றும் இருக்காது. பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து, மறந்துவிட்டதா என்று பார்க்க அதைப் பயன்படுத்துங்கள்.

"ஹார்வர்டா? எங்கள் பீடோங்கில் இருக்கிறதே, ஹார்வர்ட் தோட்டம்! எங்கள் தாத்தா அங்கேதான் ரப்பர் மரம் சீவினார்" என்று கெடாக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு பையன், "மிஸ், அப்படிப் பார்த்தால் இவர் குடும்பமே ஹார்வர்ட்" என்றான். வகுப்பு அடங்க நேரமாகிவிட்டது.

4 மார்ச் 2025

நோன்பு தொடங்கிவிட்டது. நேரத்தைப் பற்றி எழுதியாக வேண்டும்.

சாதாரண நாளில் மாலை ஆறரைக்குக் கேள்வி போடுவேன். இந்த மாதம் அந்த நேரம் மலாய்ப் பிள்ளைகள் நோன்பு திறக்கப் போகிற அவசரத்தில் இருப்பார்கள். அப்புறம் தராவீஹ் தொழுகை. பத்து மணிக்குத்தான் கைப்பேசியைப் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், பெட்ரோல் நிலையத்தில் மாலை வேலை பார்க்கும் பையன் பதினொரு மணிக்குத்தான் வீடு போவான். தோட்டத்துப் பிள்ளைகளின் வீட்டில் அம்மா விடியற்காலை எழ வேண்டும், ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் பொழுது என்று ஒன்று கிடையவே கிடையாது.

அதனால் கேள்வியை நோன்பு மாதத்தில் முந்தின நாள் மதியமே போட்டுவிடுகிறேன். அவரவர் நேரத்தில் பார்க்கட்டும். உடனே பதில் எழுதச் சொல்வதில்லை. டெலிகிராமில் நேரம் குறித்து அனுப்பலாம், ஒலி எழுப்பாமலும் அனுப்பலாம். இரண்டையும் பயன்படுத்துங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் நான் பதில் போடமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் நள்ளிரவில் எழுதலாம், நான் காலையில் படிப்பேன்.

காணொலி வேண்டாம், குரல் பதிவு போதும். ஒரு நிமிடக் குரல் பதிவு சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். காணொலி மெகாபைட் கணக்கில் தின்னும். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்த பிள்ளை குரல் பதிவைக் கேட்க முடியும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, அலைவரிசைக்காகச் செம்பனைக் காட்டு மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். நேரலை வகுப்பில் அவர்கள் முகம் உறைந்து நிற்கும். குரல் பதிவு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

5 மார்ச் 2025

வார இறுதியில் புதிதாக எதையும் குழுவில் முடிவு செய்வதில்லை. எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து லாசாவுக்கு மேலே உள்ளே தள்ளி ஒரு தெமியார் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். வெள்ளி மாலை ஊருக்குப் போனால் திங்கள் காலைதான் கைப்பேசி உயிர்பெறும். குழுவில் நடந்ததை வாரம் ஒருவர் ஒரே பக்கத்தில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். இந்த வேலை அவளுக்காகத் தொடங்கியது. இப்போது எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். எழுதுகிற பிள்ளைக்குத்தான் கூடுதல் லாபம். இருபது பேர் முன்னுக்குப்பின் பேசியதை ஒழுங்குபடுத்தி எழுத வேண்டுமே.

9 மார்ச் 2025

டிக்டாக் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தம்பி நினைவுபடுத்தியிருக்கிறார். நல்லதொரு கதை இருக்கிறது.

தேய்மானம் பாடம். சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். ஏன் கணக்கிடுகிறோம் என்று கேட்டால் "பொருள் பழசாகிறது மிஸ்" என்பார்கள். டிக்டாக் பாணியில் ஒரு நிமிடக் காணொலி எடுத்து, உன் வீட்டில் இருக்கும் ஒரு பொருளை வைத்து விளக்கு என்று சொன்னேன்.

டோவன்பி பக்கத்துப் பையன் ஒருவன் அப்பாவின் கப்சாய் மோட்டார் சைக்கிளை லயத்து வாசலில் நிறுத்தினான். இருக்கை கிழிந்து கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. பின்னால் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுகிறான்: வாங்கிய விலை 5,000. ஐந்து வருடம் கழித்து விற்றால் 1,000. மிச்சம் 4,000. ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 800. எண் எல்லாம் சரி. நாய் ஒன்று குறுக்கே போகிறது. அம்மா உள்ளேயிருந்து சுவரைக் கெடுக்காதே என்று சத்தம் போடுகிறார். காணொலி முடிகிற நேரத்தில், படத்தில் தெரியாத அப்பாவின் குரல்: "நான் விற்கவே போறதில்லையே. அப்புறம் என்னத்துக்குடா கணக்கு?"

பையன் அதோடு நிறுத்திவிட்டான். பதில் தெரியவில்லை. வெட்டாமல் அப்படியே குழுவுக்கு அனுப்பினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் பாடத்தின் மையமே அந்தக் கேள்விதான்.

மறுநாள் வகுப்பில் முதலில் அப்பா குரலைப் போட்டுக் காட்டினேன். "அப்பாவுக்குப் பதில் சொல்லுங்கள்." ஒருவன், சந்தை விலை தெரிய வேண்டும் என்றான். அப்பா விற்கவில்லையே என்று இன்னொருவன் மடக்கினான். கடைசி வரிசையில் ஒரு பெண், "அங்கிள் அந்த மோட்டாரை வைத்து ஐந்து வருஷம் சம்பாதிக்கிறார். 5,000 செலவு முதல் வருஷத்து மேல் மட்டும் விழுந்தால், அந்த வருஷம் நஷ்டம் மாதிரியும் மற்ற வருஷம் எல்லாம் லாபம் மாதிரியும் தெரியும்" என்றாள். அதுதான் விடை. தேய்மானம் விலை மதிப்பீடு அல்ல. ஒரு பொருளின் செலவை அது உழைக்கிற வருடங்களுக்குப் பிரித்துவைப்பது. விற்றாலும் விற்காவிட்டாலும் செலவு செலவுதான். இந்த வாக்கியத்தை நான் பல வருடமாகப் பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு பெரியவர் கேட்டதற்குப் பதிலாக அது வந்தது.

பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். "அப்படின்னா இந்த வருஷத்து 800ஐ நீ குடு" என்றாராம் அப்பா.

10 மார்ச் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், எல்லாரும் டிக்டாக்கில் போட வேண்டும் என்று பணி கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். வேண்டாம். அந்தக் காணொலி டிக்டாக்கில் ஏறவே இல்லை. டிக்டாக் பாணியில் எடுத்தது, வகுப்புக் குழுவோடு நின்றது.

பொதுவில் போடச் சொன்னால் அங்கே தெரிவது அந்தப் பிள்ளையின் வீடு. கிழிந்த இருக்கை, லயத்துச் சுவர், அம்மாவின் குரல். யார் யாரோ வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிப்பவனுக்கு மறுநாள் நினைவிருக்காது, இந்தப் பிள்ளை மறக்க மாட்டான். தானாக விரும்பிப் போட்டால் அது அவன் உரிமை. மதிப்பெண்ணுக்காகப் போட வைக்கும் உரிமை நமக்கு இல்லை. 555 பக்கத்துக்கும் இதேதான். சின்ன ஊர். பெயரை மறைத்தாலும் வாங்கிய சாமானைப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லிவிடுவார்கள். அதனால் இப்போது நிஜப் பக்கம் வேண்டாம், அதே மாதிரி நீங்களே ஒன்று எழுதிப் படமெடுங்கள் என்கிறேன்.

16 மார்ச் 2025

பேசாத பிள்ளைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு.

இணையக் குழு எதுவானாலும் பெரும்பாலானோர் படிப்பார்கள், கொஞ்சம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிகச் சிலர்தான் எப்போதும் எழுதுவார்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் இதை 90, 9, 1 விழுக்காடு என்று எழுதிவைத்தார். வகுப்புக் குழு அவ்வளவு மோசமில்லை. ஆனால் சாயல் அதுதான். எழுதாத பிள்ளை படிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். மேலே தேய்மானத்துக்கு விடை சொன்ன பெண் குழுவில் அதுவரை ஒரு வரி எழுதியவள் அல்ல.

மதிப்பெண் வைத்தால் எழுத மாட்டார்களா? எழுதுவார்கள். பக்கத்து அறை நண்பர் ஒரு கருத்துக்கு ஒரு மதிப்பெண் என்று வைத்திருந்தார். "ஒத்துக்கொள்கிறேன்", "நானும் அதையேதான் நினைத்தேன்", கட்டைவிரல், கட்டைவிரல். அவரே நிறுத்திவிட்டார். நான் மதிப்பெண் வைப்பது சுவரில் ஒட்டும் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்.

இன்னொன்று. நீங்கள் இல்லாத ஒரு குழு அவர்களுக்குள் கட்டாயம் இருக்கும். தேடிப் போகாதீர்கள். இங்கிலாந்தில் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேஸ்புக் பற்றிச் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நண்பர்களோடு பாடத்தைப் பற்றிப் பேச அதைப் பயன்படுத்துகிறோம், ஆனால் ஆசிரியர் அங்கே வந்து பாடம் நடத்துவது வேண்டாம் என்ற போக்குதான் அதில் தெரிந்தது. அவர்களுக்கும் ஒரு திண்ணை வேண்டும். என்னைத் திட்டவும் அந்த இடம் தேவைப்படலாம்.

24 மார்ச் 2025

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சமநிலைப் புள்ளி பாடம். எத்தனை விற்றால் கைக்கு நஷ்டமில்லை என்ற கணக்கு. ரமலான் சந்தை நடக்கிற மாதம் வேறு. இறைச்சியும் முட்டையும் வைத்துச் சுடும் முர்தாபாக் ரொட்டிக் கடை ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னேன். பிள்ளைகளே எண்களைச் சுருக்கி எடுத்துக்கொண்டார்கள்: ஒன்று 5 வெள்ளி. மாவு, முட்டை, இறைச்சி, எண்ணெய் சேர்த்து 3 வெள்ளி. இட வாடகை, எரிவாயு, உதவியாளர் கூலி நாளுக்கு 120 வெள்ளி. ஒன்றுக்கு 2 வெள்ளி மிஞ்சும், 120ஐ 2ஆல் வகுத்தால் 60. அறுபது விற்றால் சமம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டவர்களும் அறுபதுதான் கொண்டுவந்தார்கள்.

நள்ளிரவுக்கு மேல் ஒரு குரல் பதிவு வந்து கிடந்தது. காலையில்தான் கேட்டேன். அம்மாவோடு சந்தையில் கடை போடும் மலாய்ப் பெண் ஒருத்தி. பின்னணியில் பாத்திரம் கழுவுகிற சத்தம். "மிஸ், அறுபது விற்றால் சமம் என்பது அறுபது மட்டும் சுட்டால்தானே? நாங்கள் எண்பது சுடுவோம். நோன்பு திறக்கும் நேரம் தாண்டினால் யாரும் வாங்க மாட்டார்கள். மிச்சத்துக்கும் மாவு போய்விட்டதே."

அந்தக் கணக்கை வகுப்பில் போட்டோம். எண்பது சுட்டால் பொருள் செலவு 240, அதோடு 120, மொத்தம் 360. ஐந்தால் வகுத்தால் 72. சுட்ட எண்பதில் எழுபத்திரண்டு போனால்தான் சமம். பாடநூல் கணக்கு, செய்ததெல்லாம் விற்றுவிடும் என்று வைத்துக்கொள்கிறது. அந்த வரி புத்தகத்திலும் இருக்கிறது, அனுமானங்கள் என்ற தலைப்பில். எந்தப் பிள்ளையும் அதைப் படிப்பதில்லை. அன்றைக்குப் படித்தார்கள். அப்படியென்றால் எத்தனை சுடுவது என்று ஒருவன் கேட்க, மழை வந்தால் என்ன செய்வது என்று இன்னொருத்தி கேட்க, மணி அடித்தும் யாரும் எழவில்லை.

வகுப்பில் அந்தப் பெண் வாய் திறப்பது அபூர்வம். பாத்திரம் கழுவும்போது தோன்றியதை அப்போதே சொல்ல ஓர் இடம் இருந்தது. மறுநாள் அதைக் கையில் எடுக்க ஒரு வகுப்பு இருந்தது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் அறுபதோடு முடிந்திருக்கும். கலப்புக் கற்றலில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றால் அது இதனால்தான்.

12 ஏப்ரல் 2025

தெலுக் இந்தான் தம்பி எழுதியிருக்கிறார். குறிப்புகளைக் கற்றல் தளத்திலேயே விட்டுவிட்டாராம். குழுவில் வாரம் இரண்டு கேள்வி. முதல் இரண்டு வாரம் நாலைந்து பேர்தான் வாக்களித்தார்கள், தளர்ந்துவிட்டேன், ஆனாலும் அந்த நாலைந்து பேர் சொன்னதைப் பலகையில் எழுதி வகுப்பைத் தொடங்கினேன், மூன்றாவது வாரத்திலிருந்து கூடியது என்கிறார். அந்த முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம். எல்லாருக்கும் அப்படித்தான். வாரம் இரண்டு போதும், தினமும் கேட்காதீர்கள்.

பருவம் முடிந்தபின் குழுவை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். அடுத்த பருவத்துப் பிள்ளைகளை அதே குழுவில் சேர்க்காதீர்கள். பழைய விடைகள் அங்கேயே கிடக்கும், யாரும் யோசிக்க மாட்டார்கள். நான் மதிப்பெண் வெளியான மறுவாரம் எழுதும் வசதியை மூடிவிடுவேன். வீட்டுப் படங்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். வேண்டியவர்கள் தங்களுடையதை அதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் தவணை. சுவரில் ஒட்டிய பக்கங்களை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டு, பெயரை எடுத்துவிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த பருவத்துக் கேள்விகளை அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்கப் போகிறேன். முர்தாபாக் கணக்கு கட்டாயம் இருக்கும். அடுத்த முறை மழை நாளையும் சேர்த்துக் கேட்பேன்.